ஒன்பதாவது கருவி

மாதம் பன்னிரண்டு தினார்,
இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது.
ரினிஷாவின் கணக்கு டீச்சர்
சமன்பாட்டின் பாதியில்
வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறார்.
அமலதாஸ் ரௌட்டரை அணைத்தார், ஊதினார், போட்டார்,
காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்தார்,
கேஸ் மிச்சமிருக்கிறதா என்பதுபோல்.

நான்தான் உள்ளே போனேன்.
பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்களைத் தட்டினால்
ஒரு பக்கம் திறக்கிறது.
பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
இரண்டு வருடமாய்
வாசலைப் பூட்டித் தாழிட்டுச் சங்கிலி மாட்டி
சாவியை வெளியே தொங்கவிட்டிருக்கிறோம்.
போதாததற்கு வைஃபையின் பெயரே
அமலதாஸ் ஃப்ளாட் 32.

பட்டியலில் ஒன்பது.
அவர் போன், என் போன், பிள்ளையின் டேப், டிவி,
ஆபீஸ் லேப்டாப், நடையை எண்ணும் வாட்ச்,
அலாரத்துக்கு மட்டும் உயிரோடிருக்கும் பழைய போன்,
மை தீர்ந்தும் போக மனமில்லாத
விருந்தாளிபோல ஒரு பிரிண்டர்.
ஒன்பதாவதற்குப் பெயரில்லை.
இரண்டிரண்டாய்ப் பிரித்த பன்னிரண்டு எழுத்துகள்.
இரவு ஒன்றரைக்கு வருகிறது,
பாங்கு சொல்வதற்குள் போய்விடுகிறது.

மறுநாள் லிஃப்டில் எல்லோர் கையையும் பார்த்தேன்.
மூன்றாம் மாடித் தெலுங்குப் பையன்கள்.
சலூனில் வேலைசெய்யும் ஃபிலிப்பினோப் பெண்.
தண்ணீர் கேன் தூக்கிவந்த
கோல்டு ஸ்டோர் ஷெரீஃபிக்கா.
சிரித்தவர்கள்மேல் கூடுதல் சந்தேகம்.
குதைபியாவின் இந்தச் சந்தில்
எதிர் ஜன்னல் கைக்கெட்டும் தூரம்,
அவர்கள் வெங்காயம் வதக்கினால் எங்களுக்குக் கண் எரியும்.
அலைக்குச் சுவர் ஒரு பொருட்டா?

யோசித்தால் திருட்டே இல்லை.
பிறந்தநாளுக்கு வந்த இருபத்திமூன்று பேருக்கும்
கேக் அட்டையின் பின்புறம் எழுதி
நாங்களே ஒட்டியிருந்தோம் ஹாலில்,
பெரிய எழுத்தில்.

அன்றிரவு எல்லாவற்றையும் மாற்றினேன்.
அட்மினைத் தூக்கினேன்.
அமுக்கினால் யாரையும் சேர்க்கும் பொத்தானை முடக்கினேன்.
பழைய பூட்டுக்குப் புதிய பூட்டு,
கடவுச்சொல்லாய் ஒன்றோடொன்று ஒட்டாத நாலு சொற்கள்,
நான் மறந்தால் எனக்கே வழியில்லை.
கடைசியில் பெயர்க் கட்டத்தில்
கோபத்தில் தமிழில் தட்டினேன்:
யாரது.

ஒன்றே முக்காலுக்கு
பக்கத்து வைஃபைகளின் வரிசையில்
ஒற்றைக் கோட்டுச் சிக்னலோடு புதிதாய் ஒரு பெயர்:
நான்தான்.

லிஃப்டில் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன்!
தமிழாளை மட்டும் நினைக்கவேயில்லை.
போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன்.
படுக்கையறையில் ஒரு கோடு,
அடுப்படி எக்ஸாஸ்ட் ஓட்டையருகே இரண்டு.
மேலேயா கீழேயா, தெரியவில்லை.
அடுத்த இரவு என் பெயரை மாற்றினேன்:
எத்தனை நாள்.
அந்தக் கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை.
பதில்:
ஆறு நாள்.

பரீட்சையா, விசாவா, பிரசவமா,
கேட்க எழுத்துப் போதாது.
விருந்தினருக்கென்று தனியாக ஒரு வலை திறந்தேன்.
எங்கள் எட்டில் எதையும் தொட முடியாது,
வேகம் கொஞ்சம், ஒன்றரை முதல் பாங்கு வரை,
அந்தப் பன்னிரண்டு எழுத்துக்கு மட்டும் அனுமதி.
அமலதாஸ் தூக்கத்தில் கேட்டார்,
திருடனுக்குப் பாயா விரிக்கிறாய்?
பாய்தான். வராந்தாவில். உள்கதவு பூட்டி.

நான்கு இரவு வந்தது.
அப்புறம் வரவில்லை.

இந்த மாதமும் இருபதாம் தேதி டேட்டா தீர்ந்தது.
கணக்கைத் திறந்தேன்.
அவன் குடித்தது அரை ஜிபி.
அவன் என்றே சொல்லிவிட்டேன், அவளாகவும் இருக்கலாம்.
மீதியெல்லாம் லேப்டாப்.
அமலதாஸின் படங்களை ஒவ்வொரு இரவும்
முதலிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது,
ஒரே கேக்கை நாற்பது தரம்.

அதை நிறுத்தினேன்.
வராந்தா வலையை இன்னும் மூடவில்லை.
இரண்டு நாள் பாக்கியிருக்கிறது.